முப்பத்திரண்டைக் கூட்டாத கணக்கு

எங்கள் பகுதியில் சூட்டுக்கு இரண்டு கணக்கு உண்டு. காய்ச்சல் என்றால் ஃபாரன்ஹீட். நூற்றிரண்டு என்று சொன்னால் போதும், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வெயிலும் நூறைத் தொட்டால்தான் செய்தி. ஆனால் எண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மானிகள் அத்தனையும் செல்சியஸ். அவற்றைச் சரிபார்ப்பதே என் வேலை என்பதால், பகலில் ஒரு கணக்கிலும் வீட்டில் இன்னொன்றிலும் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மீனவக் குடும்பம் இருக்கிறது. கணவர் காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் போகிறவர். மனைவி மீன் விற்கிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த நாள் அது. அன்று இரவு படகுகள் கிளம்ப வேண்டும். மாலைக்குள் போய் ஐஸ் ஏற்ற வேண்டும். அவருக்கோ முந்தின நாளிலிருந்து காய்ச்சல்.

டோல்கேட் பக்கத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒன்றரை டிகிரியாவது இறங்க வேண்டும், இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தம்மா வரும் வழியில் மருந்துக்கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார். அது செல்சியஸில் காட்டியது.

எனக்கு அன்று விடுமுறை. மதியம் அந்தம்மா மாடிக்கு வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் கீழ வந்து பாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணுமா வேணாமான்னு ஒரே பேஜாரா கீது."

மாத்திரைக்கு முன் 39.4 இருந்ததாம். இப்போது 38.4.

"ஒரு டிகிரிதான் எறங்கிக்கீது. டாக்டரு ஒன்ற சொன்னாரு."

அவருடைய தம்பி ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் வண்டியைத் தயாராக நிறுத்திவிட்டு, செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டாக்டரு சொன்னது வேற டிகிரி. இதுல ஒண்ணுன்னா அதுல முப்பத்தி மூணு புள்ளி எட்டாம். போன்ல போட்டேன்."

"முப்பத்தி மூணு எறங்கிச்சின்னா உங்க மாமா இந்நேரம் ஐஸ் பெட்டில கீற வஞ்சிரமாட்டம் ஆயிருப்பாரு. தொட்டுப் பாரு, அடுப்பாட்டம் கொதிக்கிது."

பாயில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இன்னும் சாவல மச்சான். ஒயுங்கா கணக்கப் போடு."

செல்போன் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் பொருள் 33.8 ஃபாரன்ஹீட் சூட்டில் இருக்கிறது. 1.8-ஆல் பெருக்கி முப்பத்திரண்டைக் கூட்டு என்பது விதி. ஆனால் நாங்கள் கேட்டது எவ்வளவு சூடு என்பதல்ல, எவ்வளவு குறைந்தது என்பது. 39.4-ஐ மாற்றினாலும் முப்பத்திரண்டு சேரும், 38.4-ஐ மாற்றினாலும் சேரும்; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 1.8 மடங்கு மட்டும். ஆகவே இறங்கியது 1.8 டிகிரி ஃபாரன்ஹீட். டாக்டர் கேட்டதைவிடக் கூடுதல்.

டாக்டர் எந்தக் கணக்கில் சொன்னார் என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது என்று, அவரிடமே போனில் கேட்கச் சொன்னேன். ஃபாரன்ஹீட்தான், ஆஸ்பத்திரி வேண்டாம், படுத்திருக்கட்டும் என்றார்.

முதல் பாதியைக் கேட்டதுமே கணவர் எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய பையை எடுத்தார்.

"எறங்கிச்சில்ல? முப்பத்தெட்டுதானே கீது. இன்னிக்கி ஏறலன்னா என் எடத்துல வேற ஆளு ஏறிகினு பூடுவான்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "இன்னாண்ணா, ஆஸ்பத்திரிக்கு போணுமான்னு கேட்டா, நீ கடலுக்கே அனுப்புற?"

"இறங்குனதுக்குத்தான் முப்பத்திரண்டு வேணாம்" என்றேன். "இப்ப இருக்கிற சூட்டுக்கு அதையும் கூட்டணும்." கூட்டிச் சொன்னேன். "நூத்தியொண்ணு."

பையோடு நின்றார். முப்பத்தெட்டு என்ற எண் அவரை ஒன்றும் செய்யவில்லை. இது செய்தது.

"நூத்தியொண்ணா?"

"நூத்தியொண்ணு புள்ளி ஒண்ணு."

"புள்ளியகூட வுட மாட்டியா சார்?"

"இன்னும் ஒரு நாலு சேத்து சொல்லு சார், அப்பத்தான் படுப்பாரு" என்றார் மச்சான்.

அவர் பாயில் உட்கார்ந்தார். மனைவி படகு டிரைவருக்கு போன் செய்து ஆள் வரமாட்டார் என்று சொன்னார். மறுமுனையில் நீண்ட பேச்சு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் பயந்தபடியே நடந்தது. வேறொருவர் ஏறிக்கொண்டார். படகு திரும்பியபோது இவருக்குக் காய்ச்சல் போயிருந்தது. ஆனாலும் அடுத்த நடைக்கும் டிரைவர் புதிய ஆளையே அழைத்துப் போனார். அந்த நாட்களில் அவர் வாசலில் வலை நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் படியிறங்கினால் நிமிர மாட்டார். அதற்கிடையில் அந்தம்மா தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். பொத்தானை அழுத்திப் பிடித்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாவது நடைக்கு அவருக்கு இடம் கிடைத்தது. நான் சாப்பாட்டுப் பையோடு வேலைக்கு இறங்கும்போது, வாசலில் அவர் அக்குளில் தெர்மாமீட்டரை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். அது சத்தம் போட்டதும் மனைவி பிடுங்கிப் பார்த்தார்.

"தொண்ணூத்தி எட்டு."

"புள்ளி?" என்றார் அவர், என்னைப் பார்த்து.

"புள்ளி நாலு. கெளம்பு" என்றார் மனைவி.