கயிறு காட்டிய கோணம்

அடிதடி என்றால் எங்கள் குப்பத்து ஆட்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடலூர்க் கரையில் வடக்குத்தெருக்காரன் வலையைத் தெற்குத்தெருக்காரன் அறுத்தான் என்று ஆரம்பித்த சண்டை அது. அறுபதுகளின் நடுவில். துடுப்பும் கல்லும் பறந்ததில் ஊர்த்தலைவரின் தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது. அந்த மனுஷர் சண்டைக்கே வரவில்லை, காய்ச்சலில் வீட்டுக்குள் தரையில் படுத்திருந்தவர். கல் கீற்றுச் சுவரைப் பொத்துக்கொண்டு போய் அவர் முகத்தில் விழுந்தது.

நான் சிதம்பரத்தில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். சேதி வந்ததும் ரயிலேறி ஓடினேன். அக்கா புருஷனை, என் மாமாவை, கண் போனவர் வீட்டு வாசல் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். சண்டையில் அந்த வாசலுக்கு நேரே நின்றவர் அவர்தான். கல்லெறிந்ததும் தான்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டாராம். எறிந்த கையைத் துடுப்பால் உடைப்பது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

எனக்கு ரத்தம் கொதித்தது. துடுப்பு வலிக்கிற கையை உடைத்துவிட்டால் கடல்மேல் போகிறவன் எப்படிப் பிழைப்பான்? அடி தாங்காமல்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கல் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அதுவரை கைவைக்காதீர்கள் என்றேன். படித்த பிள்ளை என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று தலைவரும் உள்ளே வந்து நின்றார்.

சுவரில் ஓட்டை தரையிலிருந்து நாலடி. அதன் நேர்கீழிருந்து ரத்தம் உறைந்த இடம்வரை ஏழடி. சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம், கல் வந்த வழிதான் கர்ணம். செங்கோண முக்கோணம் தயார். நாலை ஏழால் வகுத்தால் தெரியாத கோணத்தின் டேஞ்சன்ட். அட்டவணை எனக்கு மனப்பாடம், முப்பது டிகிரிக்கு ஒரு நூல் குறைவு. வலைக்கயிற்றின் ஒரு முனையை ரத்தக்கறையில் முளையடித்து, மறுமுனையை ஓட்டைக்குப் பக்கத்து மூங்கிலில் இழுத்துக் கட்டினேன். வாசலில் நிற்பவன் எறிந்த கல் நேராக வரும், இந்தக் கல் உயரத்திலிருந்து சரிந்து இறங்கியிருக்கிறது, ஆகவே மாமா எறியவில்லை என்று விளக்கினேன். கூட்டம் முணுமுணுத்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே தூணிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"மச்சான், போதும் வுடு."

அடிபட்ட குரல் இல்லை அது, கெஞ்சுகிற குரல். நான் கயிற்றைப் பார்த்தேன். ஓட்டைக்கு அப்பால் நீண்டால் அது எங்கே போகும்? எதிரே இருந்த உயரம் ஒரே ஒரு மணல்மேடு. மேட்டின்மேல் இருந்தது அக்கா வீடு. அன்றைக்கு அங்கே அக்காவைத் தவிர யாருமில்லை. புருஷனை நாலுபேர் சூழ்ந்துகொண்டு துடுப்பை ஓங்கியதும் மேலேயிருந்து கல்லை விட்டிருக்கிறாள். அது அவர்களுக்கு மேலே பறந்து வீட்டுக்குள் போய்விட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான், நான் செய்த காரியம்.

எங்கள் ஆட்களுக்கு டேஞ்சன்ட் தெரியாது. ஆனால் வலை போட்ட இடத்தை மறுநாள் கடலில் தேடும்போது, கரையிலிருக்கும் பனையையும் கோயில் உச்சியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்கள். இழுத்துக் கட்டிய கயிற்றைக் கண்டால் அதன்மேல் கண்ணை ஓட்டாமல் விடமாட்டார்கள். தலைவர் தரையில் முழங்கால் போட்டுக் குனிய ஆரம்பித்திருந்தார். நான் முளையை உதைத்துப் பிடுங்கினேன். கணக்கு தப்பு என்றேன்.

அவர் விட்ட அறையில் சுவரோடு போய் விழுந்தேன். எழுவதற்குள் அவர் வாசலுக்குப் போய்த் துடுப்பை எடுத்துவிட்டார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமா கத்தவில்லை. கத்தியது அக்கா.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று மாமா அவளிடம் தன் தலையில் அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறினால் அவர் உயிருக்கு ஆகாது என்று பயந்து அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவுரு எறியல, நான்தான் எறிஞ்சேன். இந்தாங்க, என் கைய ஒடைங்க."

கண் போனவரின் பெண்டாட்டி அவள் மயிரைப் பிடித்து இழுத்து, தரையில் தள்ளி மிதித்தாள். அக்கா நீட்டிய கையை மடக்கவே இல்லை. நான் குறுக்கே விழுந்தேன், எனக்கும் விழுந்தது. கடைசியில் தலைவர் துடுப்பை மணலில் எறிந்தார். ஒரு கண்ணுக்கு ஒரு கை, கணக்கு தீர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எலும்பு கோணலாகக் கூடியது. மாமாவின் வலது முழங்கை அதற்குப் பிறகு நேராக நிமிரவில்லை. இடது கையால் துடுப்பு வலிக்கப் பழகிக்கொண்டார். லீவுக்கு நான் போகும்போதெல்லாம், சாப்பிட உட்கார்ந்ததும் அந்தக் கையை என் பக்கம் காட்டிச் சிரிப்பார்.

"மச்சான், இது எத்தினி டிகிரி, சொல்லேன்."

பரிமாறுகிற அக்காவின் கை அப்படியே நின்றுவிடும். பார்த்ததும் சொல்லிவிடலாம், அளக்கக்கூட வேண்டாம். தெரியல மாமா என்பேன்.