ஒரு சோடியும் ஓர் அளவு நாடாவும்

மன்னாரில் ஆட்டோ ஓட்டுவது சுலபமான வேலை, ஏறி இருப்பவர்களுக்குள் சண்டை இல்லாதவரைக்கும். என்னைப் போல வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெய்யில், உப்புக் காற்று, றோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கும் கழுதைகள், எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். பின் சீற்றில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தால்தான் வண்டியே ஒரு பக்கம் இழுப்பது போல இருக்கும்.

நான் பேசாலைக்காரி, பெயர் ஸ்ரெல்லா. என் புருஷன் கடலில் ஓடுகிறார், நான் தரையில் ஓடுகிறேன். ஊர் பார்க்க வருகிற சோடிகளைக் கோட்டை, கோயில், வெளிச்சவீடு என்று கொண்டு திரிவதுதான் என் தொழில். போன வருடம் மூன்று நாள் என் வண்டியில் வந்த ஒரு சோடியின் கதையைச் சொல்கிறேன். அவர்களை உங்களில் பலரும் ஏற்றியிருப்பீர்கள், வேறு பெயர்களில்.

முனையைப் பிடியும்

வெள்ளவத்தையில் இருந்து வந்திருந்தார்கள். ஐயாவின் பெயர் சிவபாதம், இளைப்பாறிய நில அளவையாளர். அம்மா மங்களேஸ்வரி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். மற்றவர்கள் சுற்றுலாவுக்குக் கமரா கொண்டு வருவார்கள். ஐயா கொண்டு வந்தது தோல் உறைக்குள் சுற்றி வைத்த ஒரு நீள அளவு நாடா. மன்னார்க் கோட்டை வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக, "மங்களம், முனையைப் பிடியும்" என்றார். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முனையைப் பிடித்து மதிலோடு நின்றார். ஐயா மற்றப் பக்கம் நடந்து போய், அளவைச் சத்தமாக வாசித்து, "ஆகா!" என்றார். பிறகு அடுத்த மதில்.

கண்டதையெல்லாம் அளக்கிற ஆள் இல்லை அவர். புதிதாகக் கட்டிய கடைகளையும் விடுதிகளையும் திரும்பியும் பார்க்கவில்லை. "மரியாதை குடுக்கக்கூடியதைத்தான் அளக்கோணும்" என்பது அவருடைய சட்டம். மத்தியான வெய்யில் மண்டையைப் பிளக்கிறது, அம்மா இன்னும் மூலைக்கு மூலை நின்றுகொண்டிருக்கிறார். பாவமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு அம்மா சொன்னார்: "கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் பிடிச்ச முனையளை ஒண்டாச் சேர்த்தா, தலைமன்னாரைத் தாண்டிக் கடலுக்குள்ளை போயிடலாம் பிள்ளை."

பெருக்கமரத்தடியில்

அன்று பின்னேரம் ஐயா மன்னாரின் பெயர்போன பெருக்கமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தண்ணித் தொட்டி மாதிரி வயிறு வைத்த அந்த மரத்தைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நடப்பார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பழைய ஐஸ் பக்டறியிலை ஒரு கண்காட்சி நடக்குதாம், தெரியுமே?" என்று கேட்டார். தெரியும். கடற்கரையோரம் கூரை போய்க் கிடக்கும் அந்தக் கட்டிடத்தில் எங்கெங்கோ இருந்து ஓவியக்காரர் வந்து ஏதேதோ செய்து வைத்திருந்தார்கள். நாளை மறுநாள் பின்னேரம் ஐந்து மணியோடு முடிகிறது.

"அதிலை ஒண்டு நான் செய்தது" என்றார் அம்மா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஐயாவுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தி ஒருமுறை கொழும்பில் இப்படி ஒரு நவீனக் கண்காட்சிக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனாராம். ஐயா நடு மண்டபத்தில் நின்று, இதையெல்லாம் எப்போது கூட்டி அள்ளுவீர்கள் என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டாராம். அதற்குப் பிறகு அம்மா தான் செய்வதை அவருக்குக் காட்டியதே இல்லை. அவர் செய்தி பார்க்கிற நேரத்தில் பின் அறைக்குள் இருந்து தைத்த சாமான் இது. இதைக் காட்டத்தான் மன்னாரைப் பார்ப்போம் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்திருக்கிறார். ஐயா வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மரத்துக்குப் பின்னால் ஐயாவின் தலை தெரிந்ததும் என் கையைப் பிடித்து அவசரமாகச் சொன்னார்: "சொன்னால் வரமாட்டார். சும்மா போற வழியிலை காட்டிற மாதிரிக் கொண்டுபோய் விடு பிள்ளை, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்."

வங்காலைக்கு அங்கால் ஒரு புராதனச் சுவர்

இரண்டாம் நாள் அரிப்பு என்ற கடற்கரை ஊருக்குப் புறப்பட்டோம். வண்டிக்குள் ஐயா நல்ல சந்தோசப் புளுகத்தில் இருந்தார். ஒரு குறைதான் அவருக்கு. "வேலைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டுகள் அலுமாரியிலை ஒண்டொண்டாக் காணாமல் போகுது, தங்கச்சி. கேட்டால் நிலம் துடைக்க எடுத்ததாம். ஒரு வீட்டிலை எவ்வளவு நிலம் இருக்கும்?" கண்ணாடியில் பார்த்தேன். அம்மா கடல் பக்கம் திரும்பிவிட்டார்.

வங்காலையைத் தாண்டியதும் ஐயா "நிற்பாட்டும், நிற்பாட்டும்!" என்று கத்தினார். நான் ஏதோ விபத்து என்று பயந்து பிரேக்கை அமத்தினேன். ஒரு வீட்டு வளவுக்குள் கடல் முருகைக்கல்லால் கட்டிய அரைச் சுவர் ஒன்று தனியாக நின்றது. ஐயா பாய்ந்து இறங்கினார். போர்த்துக்கேயர் காலத்துச் சுண்ணாம்பு வேலை என்றார், காவல் கொட்டிலாக இருந்திருக்கும் என்றார், சின்ன யன்னலைக் காட்டி இதற்குள்ளால்தான் துவக்கு நீட்டியிருப்பார்கள் என்றார். அம்மா வழக்கம்போல முனையைப் பிடித்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரி செதில் கையோடு வந்து கேட்டாள்: "ஐயா, அது போன மாரிக்கு விழுந்த எங்கட கக்கூசு. அளந்து போட்டுப் புதுசு கட்டித் தரப்போறியளோ?"

அல்லிராணி கோட்டையில்

கக்கூசு விசயத்தில் அம்மா சிரித்த சிரிப்பு அரிப்பு வரைக்கும் நிற்கவில்லை. ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் கடற்கரைத் திட்டியில் அல்லிராணி கோட்டையைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனார். கோட்டை என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அது முத்துக் குளிப்புக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த மாளிகை. பாதி கடலுக்குள் போய்விட்டது, மீதி போகக் காத்திருக்கிறது. ஐயா ஒரு தூணைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எத்தனையோ தரம் வந்திருக்கிறேன், ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

"அடுத்த முறை வரேக்கை இது இருக்குமோ தெரியாது. கிட்ட இருக்கேக்கை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை" என்று ஐயா பெருமூச்சு விட்டார். நாடாவை எடுத்தார். அம்மா முனையை வாங்கவில்லை. முந்தானையைக் காற்றுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக் குரல் துளியும் இல்லாமல் கேட்டார்: "நானும் இடிஞ்சு கடலுக்குள்ளை விழுந்தாத்தான் வந்து அளப்பியளோ?"

அடம்பன் மாடுகள்

திரும்பி வந்த வழி முழுக்க ஆளுக்கொரு பக்கம்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாளும் அதே கதை. அன்றுதான் கண்காட்சியின் கடைசி நாள். ஐயாவோ கட்டுக்கரைக்குளம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் காலத்து அரசன் கட்டிய குளமாம், அணைக்கட்டில் நடக்க வேண்டுமாம். நடந்தார். நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். பிறகு அடம்பன் தயிர் வாங்க வேண்டும் என்றார். அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். இனிப் பொய் சொன்னால்தான் சரிவரும் என்று எனக்குப் பட்டது. முழுப் பொய்யும் இல்லை. "ஐயா, மன்னார்த் தீவிலை ஒரு பழைய பக்டறி கிடக்கு. கூரை இல்லை, சுவரெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஒருத்தரும் அளந்திருக்கமாட்டினம்." ஐயா தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? எடும் வண்டியை!" என்றார்.

எடுத்தேன். அடம்பன் சந்தையைத் தாண்டி வளைவில் திரும்பினால் றோடு முழுக்க மாடு. வயலில் இருந்து வீட்டுக்குத் திரும்புகிற மாடுகள், தங்களுக்கு என்ன அவசரம் என்று ஆடி அசைந்து போகின்றன. நான் கோண் அடித்தேன், கத்தினேன், அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நேர்ந்துகொண்டேன். மாட்டுக்காரர் ஒரு பொல்லை ஊன்றி நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "கோண் அடிச்சுக் களைக்காதை பிள்ளை, எனக்கே வழி விடாத மாடுகள் உனக்கோ விடப்போகுது?"

கயிறு

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற பெண் பிள்ளை பூட்டைக் கையில் வைத்திருந்தாள். ஐயா கண்காட்சி என்று எழுதியிருந்ததைக் கண்டார், முகம் சுருங்கியது, ஆனால் வெடித்த சுவர் கண்ணில் பட்டதால் உள்ளே வந்துவிட்டார். அம்மா பின்னால் வந்தார்.

இந்த நேரத்தில் நான் செய்த வேலையைக் கேளுங்கள். நடு மண்டபத்தில் ஒரு வள்ளக் கயிறு சிக்குப்பட்டு, குழம்பிக் கிடந்தது. கடலோடியின் மகள் நான். எங்கள் வீட்டில் கயிறு அப்படிக் கிடந்தால் ஒருத்தரும் தாண்டிப் போகமாட்டோம், காலையில் தொழிலுக்குப் போகிறவருக்கு ஆபத்து. என் மனம் அம்மாவிடம், கை கயிற்றிடம். சிக்கெடுத்து, வளையம் வளையமாகச் சுற்றி, அழகாக ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பூட்டு வைத்திருந்த பிள்ளை வாயைப் பிளந்து நிற்கிறாள். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளை அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சொன்னாள்: "அக்கா, அந்தச் சிக்கைப் போட எனக்கு ஒரு கிழமை எடுத்தது!"

கடைசிச் சுவர்

ஐயா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, நாடாவோடு கடைசிச் சுவருக்குப் போனார். சுவருக்கு முன்னால் வெள்ளையாக ஒரு பெரிய துணி தொங்கியது. சுவரை அளக்க அது இடைஞ்சல். ஒதுக்கக் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணி முழுக்கச் சேட்டுப் பொக்கற்றுகள். வரிசை வரிசையாகத் தைத்திருந்தது. ஒவ்வொரு பொக்கற்றின் அடியிலும் பேனை கக்கிய மை, நீலம், கறுப்பு, இடைக்கிடை சிவப்பு. கூரை இல்லாத இடத்தால் கடல் காற்று இறங்கி, எல்லாப் பொக்கற்றும் ஒன்றாக ஊதி ஊதி அடங்கின. பக்கத்தில் சின்ன மட்டையில் மங்களேஸ்வரி சிவபாதம் என்று எழுதியிருந்தது.

"இது பெரியமடுவிலை மழைக்குள்ளை அளக்கேக்கை போட்ட சேட்டு" என்றார் ஐயா, ஒரு நீலக் கறையைத் தொட்டு. பிறகு இன்னொன்று. "இது பதவி உயர்வு கிடைச்ச நாள்." அம்மா தூரத்தில் நின்றே சொன்னார், "எல்லாம் நான் தோய்ச்சுத் தோய்ச்சும் போகாத மை." பூட்டு வைத்திருந்த பிள்ளை மணி பார்த்தாள். நான் அவளைப் பார்த்து வாயில் விரலை வைத்தேன். ஐயா குனிந்து நாடாவை உறையில் இருந்து இழுத்தார். சுவரை அளக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் நின்றது துணியின் ஓரத்தில். முனையைத் தன் விரலால் அதன் மூலையில் அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நாடா உறையோடு சேர்த்து அம்மாவிடம் நீட்டினார்: "மங்களம், இண்டைக்கு முனையை நான் பிடிக்கிறன். நீர் நடந்து போய் அளவைச் சொல்லும்."

அன்றிலிருந்து என் ஆட்டோ சீற்றுக்கு அடியில் வண்டி தூக்கும் ஜக்கு, ஸ்பானர், தண்ணீர்ப் போத்தலோடு ஓர் அளவு நாடாவும் கிடக்கிறது, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஏறுகிற சோடிகளுக்காக.