பைப் செக்‌ஷனில் இங்கிலீஷ் தெரியாதவன்

பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அன்று மதுரையில் இரண்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வலப்பக்க மேஜை, தெரியாதவர்களுக்கு இடப்பக்க மேஜை. வலப்பக்கம் நாலே பேர் நின்றார்கள். இடப்பக்க வரிசை வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் போயிருந்தது. எட்டாம் வகுப்பு முடித்து, இங்கிலீஷ் இலக்கணத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த நான் போய் இடப்பக்க வரிசையின் வாலில் நின்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சோழவந்தானை ஒட்டிய எங்கள் ஊரில் யார் வீட்டுக்குக் காகிதம் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். கோர்ட்டு நோட்டீஸ், சம்பந்தி வீட்டுச் சண்டை, மலாயாவுக்குப் போனவர்களின் கடிதம், எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரும். சாவுத் தந்தியைப் படித்துச் சொன்னால், செத்தவரை நானே கொன்ற மாதிரி என்னைப் பார்ப்பார்கள். இனி அடுத்தவர் காகிதத்தைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. அப்பாவின் ஆசையோ நேர்மாறானது. பட்டாளத்திலாவது மகன் மேஜை போட்டு உட்கார்ந்து எழுத வேண்டும்.

இடப்பக்கம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வேப்பமரத்தடியில் ஒரு ஹவில்தார் பைப் வாசித்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு தோல்பை, தோளில் மூன்று குழல்கள், விரல் ஓட்ட ஒரு குழல். அவர் வாயை எடுத்துத் துப்பினார், மீசையைத் துடைத்தார், வரிசையில் நெருக்கியவனைத் திட்டினார். பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. ஆள் மூச்சு விட்டாலும் பாட்டு மூச்சு விடாத வாத்தியத்தை அன்றுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "நம்ம கூத்துக்காரன் ஊதுற துத்திப்பை மாதிரியில்ல இருக்கு" என்றார். அவருக்கு முன்னால் நின்றவர், "துத்திக்கு ஒரு குழல்தான் மாப்ள. இது மூணு ஒத்துக்காரன் சம்பளத்த ஒருத்தனே வாங்குற வேல" என்றார்.

மேஜைக்காரர் கேட்டார். "கையெழுத்துப் போடுவியா?"

"பேரு மட்டும் போடுவேன் சார்."

கஷ்டப்பட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணலாகப் போட்டேன். ஆறு மாதத்தில் நான் பைப் பேண்டில் இருந்தேன்.

அந்த வேப்பமரத்தடி ஹவில்தார்தான் எங்கள் பைப் ஹவில்தார், மதுரைப் பழைய டவுனில் தொப்பி வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. உருதுவில் திட்டி, தமிழில் சமாதானம் சொல்லுவார். பேண்டில் இருந்த எட்டுப் பேருக்கும் வெள்ளைக்கார மார்ச் எல்லாம் ஒரே மாதிரி கேட்டது. ஒன்றில் ஆரம்பித்து இன்னொன்றில் போய் முடிப்போம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லா, தம்பிங்களா, இது நம்ம கர்னல் துரையோட ஊரு மலையில வாசிக்கிற மெட்டு. நீங்க வாசிச்சா ஆடு தொலச்சவன் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்பார்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மெட்டுக்குத் தமிழில் வார்த்தை கட்டினேன். வார்த்தை இருந்தால் மெட்டு மறக்காது. கர்னல் துரைக்கு உயிரான மார்ச்சுக்கு நான் கட்டியது இது:

சோறு கொஞ்சம் கல்லு கொஞ்சம்
சோத்துக்குள்ள வண்டு கொஞ்சம்
குழம்புக்குள்ள பருப்பத் தேடிக்
குதிச்சவன் இன்னும் ஏறலையே

பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு வாரத்தில் பேண்டு அந்த மார்ச்சைப் பிழையில்லாமல் வாசித்தது. ஹவில்தார் வார்த்தையைக் கேட்டார், சிரிக்கவில்லை, "மெட்டு சரியா இருக்கு, பஸ், அது போதும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுடன் வந்தவர் குழம்பை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. "பைப் செக்‌ஷனில் இருக்கிறேன், சௌக்கியம்" என்று எழுதினேன். நான் ஊரில் இல்லாததால் கார்டைப் படிக்கிற வேலை என் பழைய வாத்தியாருக்குப் போயிருந்தது. அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். இங்கிலீஷ் இலக்கணத்தை அவர் பூஜை செய்கிற மாதிரி சொல்லிக் கொடுப்பார். அவர் யோசித்துப் பார்த்து, "பைப்புன்னா குழாய். பட்டாளத்துக்குத் தண்ணிக் குழாய் போடுற ஆபீசுல இருக்கான்" என்று அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார். அப்பா அதை வயல்காடு முழுக்கச் சொல்லிவிட்டார். பட்டாளம் முழுவதும் என் மகன் திறந்துவிட்டால்தான் தண்ணீர் குடிக்கும் என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆள் சேர்ப்பதற்காக எங்கள் பேண்டை மதுரைச் சுற்றுப்புறத்துக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும். கூட்டம் கூடியதும் அதிகாரிகள் பேசுவார்கள், இளவட்டங்கள் பெயர் கொடுப்பார்கள். சமயநல்லூரில் ரோட்டோரம் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் ஒரு வாரம் தங்கினோம். தினமும் சாதகம். வாயில் குழல் இருப்பவன் பாட முடியாது, ஆனால் எங்கள் டிரம்காரனுக்கு வாய் சும்மா இருந்தது. அவன் கொட்டிக்கொண்டே என் பாட்டை முழுத் தொண்டையில் பாடினான். ரோட்டில் வெற்றிலைக் கூடை ஏற்றிப் போகும் வண்டிக்காரர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"மாப்ள, மெல்லப் பாடுடா. ஆள் சேக்க வந்துட்டு சோத்துல கல்லுங்குறியே" என்று நான் சொன்னேன்.

"நீதானடா கட்டுன. நல்லாயிருக்குன்னு பாடுறேன்" என்றான் அவன். அதற்கு மேல் எனக்கும் கண்டிக்க மனம் வரவில்லை.

அடுத்த ஊர் சோழவந்தான். அங்கே கர்னல் துரையே வருவதாக ஏற்பாடு. நாங்கள் போய் இறங்கி, மைதானத்தில் குழல்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டியில் அப்பாவும் பக்கத்தில் குடையுடன் வாத்தியாரும் வந்தார்கள். அப்பா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். எங்கள் சீருடையில் தோளின் குறுக்கே ஒரு கட்டம் போட்ட சால்வை உண்டு, அந்த வெயிலிலும்.

"யாரு போத்துனா?" என்றார்.

"பட்டாளத்துல குடுத்ததுப்பா."

அவர் முகம் மலர்ந்தது. "அம்புட்டு நல்லா வேல பாக்குறயா. ஆபீசு எங்கிட்டு இருக்கு? குழாயெல்லாம் எங்க?"

நான் கக்கத்தில் இருந்ததைக் காட்டினேன். "இதுதான்ப்பா குழாய்."

அப்பா பையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அது மாடு மாதிரி ஒரு முனகல் விட்டது. "இதுல தண்ணி எங்கிட்டு வரும்?"

"வராதுப்பா. சத்தம்தான் வரும்."

அப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார், அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "எட்டாப்பு வரைக்கும் படிக்க வச்சது தோல்பைய ஊதவா?"

"எனக்கு இதுதான்ப்பா பிடிச்சிருக்கு."

"உனக்குப் பிடிக்கும். நான் ஊருக்குள்ள என்ன சொல்ல?" வாத்தியார் பக்கம் திரும்பினார். "வாத்தியாரய்யா, எழுதுங்க. பய படிச்சவன், இங்கிலீசு தெரிஞ்சவன், ஆபீசுல போடுங்கன்னு துரைக்கு ஒரு மனு எழுதுங்க. நானே கையில குடுக்குறேன்."

வாத்தியார் சட்டைப்பையில் பேனா இல்லாமல் வெளியே வரமாட்டார். குடையை எங்கள் டிரம்காரனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, டிரம்மின் மேலேயே காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த மனு துரையின் கைக்குப் போனால் மறுநாளே நான் ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களின் காகிதங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். பைப்பை வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுவார்கள்.

துரை வந்தார். தாசில்தார் மாலை போட்டார். ஹவில்தார் கையைக் காட்ட, துரைக்கு உயிரான அந்த மார்ச்சை எடுத்தோம். இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன், கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. சமயநல்லூர் ரோட்டில் நின்று கேட்ட வண்டிக்காரர்கள் வெற்றிலையை மதுரையில் இறக்கிவிட்டு, பாட்டை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கொடிக்கால்காரர்கள், கடைக்காரர்கள், இடுப்பில் பிள்ளையை வைத்திருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து, குழம்புக்குள்ளே குதித்தவன் இன்னும் ஏறவில்லை என்று துரையைப் பார்த்துப் பாடினார்கள். 

துரையின் கண் கலங்கிவிட்டது. தன் ஊர் மெட்டை இந்தச் சனங்கள் நெஞ்சுக்குள் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துவிட்டார். வாசித்து முடித்ததும், என்ன பாடுகிறார்கள் என்று தாசில்தாரிடம் இங்கிலீஷில் கேட்டார்.

தாசில்தாருக்கு இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஐம்பது ஆளாவது சேர்த்துக் காட்ட வேண்டிய மனிதர். "இது பட்டாளத்துப் பாட்டு. பேண்டுக்காரர்களைக் கேட்பதுதான் முறை" என்று மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

துரை எங்கள் பக்கம் வந்தார். ஹவில்தார் நேராக நின்றபடி, உதடு அசையாமல் என் காதில் சொன்னார். "தம்பி, நீ பேசு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது ஹவில்தார் சாயபு."

"ஜூட், பொய் சொல்லாதே. குழல் வந்த டப்பால எழுதியிருந்தத நீ படிச்சுச் சிரிச்சத நான் பாத்தேன். நீ பேசலேன்னா எட்டுப் பேருக்கும் பேண்டே கிடையாது. பேசு."

பேசினால் ஆபீஸ். பேசாவிட்டால் எல்லாருக்கும் தண்டனை. துரை என் முன்னால் வந்து நின்றார். பத்தடி தூரத்தில் அப்பா மனுவோடும், வாத்தியார் குடையோடும் நின்றார்கள். ஒரு நல்ல வாக்கியம் என் தலைக்குள் முழுசாக வந்து நின்றது. எழுவாய், பயனிலை, எல்லாம் சுத்தமாக. அப்போதுதான் எனக்கு யோசனை தோன்றியது. அந்த வாக்கியத்தின் காலை நானே ஒடித்தேன்.

"சார், பீப்பிள்ஸ் ஈஸ் வெரி ஹாப்பி" என்றேன்.

வாத்தியாரின் குடை ஆடியது.

துரை தலையை ஆட்டிவிட்டு, "கள்ளு? கள்ளு?" என்று கேட்டு, குடிப்பது போலக் கையைக் காட்டினார். கள்ளுக்கடைப் பக்கம் சிப்பாய்கள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டவர் என்பதால் அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும்.

"நோ சார். கல்லு சார். ஸ்டோன் சார். பிக் பிக் ஸ்டோன். யுவர் கன்ட்ரி மவுண்டன் சார். தே ஈஸ் சிங்கிங் யுவர் மவுண்டன்."

துரை கைக்குட்டையை எடுத்தார். பிறகு கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்றார்.

"மவுண்டன் டவுன், ஒன் லேக் சார். ஒன் மேன் ஈஸ் ஜம்ப். மேன் நாட் கம்."

துரை அப்படியே நின்றுவிட்டார். தன் ஊரிலும் ஓர் ஏரி உண்டு, அதிலும் ஒருவன் மூழ்கினான், அதற்கும் ஒரு பாட்டு உண்டு என்று தழுதழுத்த குரலில் சொன்னார். ஹவில்தார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்காரனின் தோள் குலுங்கியது. அது அழுகை என்று துரை நினைத்திருக்க வேண்டும், அவன் முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று துரை என்னைக் கேட்டார்.

"நோ ஸ்கூல் சார். பஜார் சார்."

அப்போது அப்பா முன்னால் வந்து, கும்பிட்டு, மனுவை நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மகன் துரையோடு இங்கிலீஷ் பேசிவிட்டான். என்ன பேசினான், எப்படிப் பேசினான் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. துரை மனுவைப் படித்தார். இந்தப் பையன் ஆங்கிலத்தில் அரிய தேர்ச்சி உடையவன் என்று அதில் எழுதியிருந்தது. துரை என்னைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்தார். இரண்டாவது தடவை முழுசாகப் படித்தார்.

"இதை எழுதியது யார்?" என்று தாசில்தார் மூலமாகக் கேட்டார்.

அப்பா வாத்தியாரைக் காட்டினார். துரை அவரிடம் போய் ஐந்து நிமிடம் பேசினார். வாத்தியார் ஒவ்வொரு வாக்கியத்தையும் நெய்து கொடுத்தார். கடைசியில் துரை சொன்னதைத் தாசில்தார் அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். "உங்க பையன் நல்லா ஊதுறான், அவன் பேண்டுலயே இருக்கட்டும்ங்கிறார் துரை. ஆபீசுக்கு ஆள் வேணுமாம், வாத்தியார் வருவாரான்னு கேக்குறார்."

அப்பா நிமிர்ந்து நின்றார். வாத்தியாரிடம், "பாத்தீகளா, பயல விடமாட்டேங்கிறார் துரை. உங்களுக்கும் ஒரு வேல வாங்கிக் குடுத்துட்டான்" என்றார்.

வாத்தியார் குடையை மடக்கினார். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பீப்பிள்ஸ் ஈஸ்" என்றார். அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு அறுபது பேருக்கு மேல் பெயர் கொடுத்ததாகக் கேள்வி. மலைப் பாட்டு மலைப் பாட்டு என்று துரை போகிற ஊரெல்லாம் சனங்களைப் பாடச் சொன்னார். அடுத்த மாதமே வாத்தியார் ராஜினாமா செய்துவிட்டு எங்கள் ஆபீசில் கிளார்க்காக வந்து உட்கார்ந்தார். பைப் என்னிடமே இருந்தது. அப்பாவும் ஊருக்குள், துரைக்கு ஏதாவது அர்த்தம் சொல்ல வேண்டுமென்றால் என் மகன்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லித் திரிந்தார். அது ஒன்றும் பொய்யில்லை.

சிக்கல் லீவு கேட்டபோதுதான் வந்தது. விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்க வேண்டும், வாத்தியாரின் மேஜை வழியாகத் துரைக்குப் போக வேண்டும். நல்ல இங்கிலீஷில் எழுதினால் துரைக்கு விஷயம் தெரிந்துவிடும். கெட்ட இங்கிலீஷில் எழுதிக் கொண்டுபோனால் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என் மேஜையத் தாண்டிப் பிழை போகாது. திருத்தி எழுதிட்டு வா."

"திருத்துனா நான் மாட்டிக்குவேன் சார்."

"அத நீ பஜார்ல படிச்சப்பவே யோசிச்சிருக்கணும்."

பதினோரு மாதம் எனக்கு லீவு இல்லை. கடைசியில் ஹவில்தார் பரிதாபப்பட்டு, பட்டாளத்தில் உருதுவும் செல்லும் என்று எனக்காக உருதுவில் எழுதிக் கொடுத்தார். அதில் பிழை இருக்கிறதா இல்லையா என்று வாத்தியாருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே அனுப்பினார்.