கவீனோவின் பாறை ஜன்னல்

கடலோர மலையில் இருக்கும் எங்கள் பவுனேய் ஊரில் ஜீப் ஓட்டத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் ஊருக்கு மேலே உள்ள கொல்கோ மேட்டின் கல்லிலும் முள்ளிலும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போக பொனாரியாவைப் போல ஆள் கிடையாது என்று பத்தொன்பது வருஷமாகப் பேர். அவளும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள்.

அவள் கணவனின் தம்பி கவீனோ, கார்க் மரப் பட்டை ஏற்றும் லாரியை விற்றுவிட்டு, அவளைப் போலவே ஆட்களைக் கூட்டிப்போக ஜீப் வாங்கினான். முதலில் அவள் சிரித்தாள். போன மே மாதம் அவள் வண்டியில் ஏறிய ஒரு ஜெர்மன் தம்பதி, கடல் தெரியும் பாறை ஜன்னலுக்குப் போவோமா என்று கேட்டார்கள். அப்படி ஓர் இடம் அவளுக்குத் தெரியாது. கவீனோ காட்டுகிறானாமே என்றார்கள். அன்று முழுக்க அவள் கியர் மாற்றிய விதத்தில் வண்டி அலறியது.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் கணவன் பக்கீசியோ, எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் புகழ ஆரம்பித்தான்.

"அவன் தட்டுல இன்னும் ரெண்டு துண்டு கறி வைங்க," என்றாள் பொனாரியா. "மலையவே கண்டுபிடிச்சவன், பசியா இருப்பான்."

கவீனோ சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினான். அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாக மேட்டுக்குப் போனாள். செம்மண்ணில் அவனுடைய டயர்த் தடம் தெளிவாக இருந்தது. ஆட்டுப்பட்டியைத் தாண்டி, உள்ளே பள்ளம்தான் இருக்கும் என்று அவள் எப்போதும் ஒதுக்கிய புதருக்குள் தடம் நுழைந்தது. ஓரிடத்தில் அது ஒரு பலகைப் பாறையைச் சுற்றிப் போனது. நான் நேராகவே போவேன் என்று ஸ்டியரிங்கைத் திருப்பினாள். முன்சக்கரம் பிளவுக்குள் இறங்கி, வண்டி வயிற்றால் பாறையில் உட்கார்ந்துவிட்டது.

ஜாக்கியோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாள். அப்போதுதான் கவீனோ நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தாளாம். ஜீப்பை எங்கே ஒளிப்பது? அவன் இரும்புக் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டான். அவன் கூட்டிவந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

"நேரா வந்தீங்களா அண்ணி?"

"ஆமா."

"நானும் மொதத் தடவ நேராத்தான் வந்தேன். வண்டி ரெண்டு நாளு இங்கயே கெடந்துச்சு. அண்ணன்கிட்டகூடச் சொல்லல."

அவர்கள் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தாள். பாறையில் ஆள் உயரத் துவாரம். அதற்குள் வளைகுடா முழுவதும், அடியில் வெள்ளைக் கூழாங்கல் கரையும் அரிசி போல ஒரு படகும். இதற்கு நானூறு அடி தள்ளித்தான் அவள் பத்தொன்பது வருஷம் போய்வந்திருக்கிறாள். 

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், உப்பில்லாத சூப்பைச் சொல்வது போல.

"நீங்களும் ஆளுங்கள கூட்டிட்டு வாங்க அண்ணி. பாதைய வரஞ்சு தர்றேன்."

அவன் வழி சொல்ல மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியேறிவிட்டாள்.

இப்போது அவன் வராத நாளாகப் பார்த்து அங்கே ஆட்களைக் கூட்டிப்போகிறாள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், "எங்க வீட்டு ஆளுதான்" என்பாள். பெயர் சொல்லமாட்டாள். திங்கட்கிழமைகளில் மேட்டின் வடக்குப் பக்கம், யாரும் நுழையாத புதர்களுக்குள், எதையோ தேடித் திரியும் அவள் வண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது.