மெனு பாருக்குக் கிடைத்த அப்ரூவல்

போன மாதம் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல மணி எங்கீங்க?"

தேடினேன். திரையின் மேல் விளிம்பில் ஓடும் மெனு பாரில் அப்படி ஒரு கூட்டம். பிரின்டர், ப்ளூடூத், சரக்கு வாங்கும் ஒவ்வொரு பையரும் கேட்டாரென்று ஏற்றிய மெசேஜ் ஆப்கள், எதற்கென்றே தெரியாத ஒரு டீ கப்... பண்டிகை நேரத்துக் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டே தேவலாம். கடைசியில் ஓரமாக நசுங்கிக் கிடந்த கடிகாரத்தைக் கண்டுபிடித்தோம். மணி 11.42.

"சுத்தம் பண்ணீருங்க. ஆனா ஒரிஜினல் சாம்பிள் ஒண்ணு எடுத்து வெச்சுட்டுத் தொடுங்க."

எங்கள் ஊர் அப்படி. ஒரு பட்டனை மாற்றுவதென்றாலும் முன்னே ஒரு சாம்பிள், பின்னே ஒரு சாம்பிள், நடுவில் அப்ரூவல்! நானும் மெனு பாரைப் படம் பிடித்தேன். ஐகான்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். டீ கப்பைத் தூக்கும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. மறுபடி ஒரு படம். 'ஒரிஜினல்', 'ஃபைனல்' என்று பெயர் வைத்து, ஆபீஸில் எல்லாருக்கும் பொதுவான டிரைவில் திறந்திருந்த ஒரு ஃபோல்டரில் போட்டேன்.

அது ஸ்டெல்லாவின் ஃபோல்டர்.

ஸ்டெல்லா எங்கள் மெர்ச்சன்டைசர். அதாவது, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை. தூத்துக்குடிக்காரர். தனியாகக் கையில் எடுத்த முதல் ஆர்டர் இது. டி-ஷர்ட்டின் மார்பில் அவரே வரைந்த கிளி. அன்று சாயங்காலத்துக்குள் அப்ரூவல் வராவிட்டால் ஆர்டர் கேன்சல். அவசரத்தில் இருந்தவர், மேலேயே 'ஒரிஜினல்', 'ஃபைனல்' என்று இருக்கவும், திறந்துகூடப் பார்க்காமல் மெயிலில் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அலறல்.

"சார்... கிளி போவலியே! வேற என்னமோல்லா போயிருக்கு! என் மொத ஆர்டரு சார்!"

கண்ணில் தண்ணீர். பெயர் வைத்துப் போட்டவன் நான்தானே. மன்னிப்பு மெயில் அடிக்கலாம் என்று உட்கார்ந்தால், அதற்குள் பையரின் பதில் வந்து நிற்கிறது!

"அருமை! இன்றைய இளைஞர்களின் மனசு அப்படியே இருக்கிறது. நெரிசலாக இருப்பதே ஓகே. காலியாக இருப்பது முடிக்காத வேலை மாதிரித் தெரிகிறது. அப்ரூவ்ட்."

"உண்மையச் சொல்லிரவா சார்?" என்றார் ஸ்டெல்லா முதலாளியிடம்.

"அப்ரூவ் ஆனதுக்கப்புறம் என்ன கண்ணு உண்மை? பிரின்ட்டுக்கு அனுப்பு."

அத்தோடு முடிந்ததா? சட்டை தயாரானதும் குவாலிட்டி செக்கர் ஸ்கேலோடு என் சீட்டுக்கு வந்துவிட்டார். ஒரிஜினலோடு ஒத்துப் பார்க்க வேண்டுமாம். படத்தைக் காட்டினேன். ஊஹூம், நேரில் பார்க்க வேண்டுமாம். தூக்கியெறிந்த ஐகான்களையெல்லாம் திரும்ப அழைத்து வரிசையில் நிறுத்தினேன். டீ கப் உட்பட.

"சார், சட்டைல மணி 11.42. உங்க சிஸ்டத்துல 3.10 காட்டுதுங்களே. ஃபெயில் போட்டரட்டுங்களா?"

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கடிகாரத்தை 11.42-லேயே நிறுத்திவிட்டேன். கடைசிச் சட்டை கப்பல் ஏறும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாதென்று முதலாளி உத்தரவு.

ஸ்டெல்லாவின் ஆர்டர் பிழைத்தது. எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் கிளி? ஸ்டெல்லா விடுவாரா! அடுத்த டிசைனாக, இந்த முறை திறந்து பார்த்து, சரியாக அனுப்பினார். நேற்று பதில் வந்தது.

"கிளி அழகு. ஆனால் ஒரே அடைசல். கொஞ்சம் சுத்தம் செய்து அனுப்ப முடியுமா?"

பாவமாக இருந்தது. "நான் வேணும்னா ஒரு கை பாக்கட்டுமா?" என்று எழுந்தேன்.

"சார், நீங்க அந்தச் சீட்ட விட்டு எந்திச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்!"

உட்கார்ந்துவிட்டேன். மணி 11.42.