ஃப்ரீயாத்தானே இருக்கே

அவள் வேலை பார்ப்பது துணி அலமாரிக்குள். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஆளுயர அலமாரியில், கணவனின் கோட்டுகளுக்கும் தன் புடவைகளுக்கும் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கைக் கம்பியில் கட்டிவிட்டுப் பாடப்புத்தகங்களை வாய்விட்டு வாசிப்பாள். சுற்றிலும் தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். கண் தெரியாத பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுப் படிப்பார்கள். ஒரு நூலகம் இதற்காக அவளுக்கு மாதச் சம்பளமே தருகிறது.

அந்த வீட்டைப் பொறுத்தவரை இது வேலையில் சேர்த்தி இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், அலுத்துச் சலித்துத் திரும்பி வந்து, சோபாவில் தொப்பென்று விழுந்தால்தான் வேலை. வீட்டோடு இருப்பவள் ஃப்ரீ.

அந்த ஒரு சொல்லை அவர்கள் படுத்திய பாட்டைப் பார்த்தால் இங்கிலீஷ்காரன் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவான். மாமியாருக்கு ஃப்ரீ என்றால் சோப்போடு கடைக்காரன் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா. மாமனாருக்கு அது வயிற்றுச் சமாசாரம். காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்து, "இன்னிக்கு ஃப்ரீயா போச்சு" என்று பொதுவில் அறிவித்தால்தான் அவருக்குப் பேப்பரே ருசிக்கும். நாத்தனாருக்கு, இடுப்பைப் பிடிக்காத உடுப்பெல்லாம் ஃப்ரீ. கணவனுக்கு அது கைமருந்து. எந்தப் புகாரைக் கொண்டுபோனாலும் "ஃப்ரீயா விடு" என்று தடவிவிடுவான்.

இதனாலெல்லாம் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவளைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் அது கேள்வியாகக் கிளம்பிக் கட்டளையாக வந்து இறங்கும். ஃப்ரீயாத்தானே இருக்கே?

இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தனை பக்கங்களைப் பிசிறில்லாமல் வாசிக்கும் வாய்க்கு அந்த ஒரு சொல் மட்டும் வராது. அதற்குப் பதிலாக ஒரு சிவப்புத் துண்டு வாங்கினாள். படுக்கையறைக் கதவுப் பிடியில் துண்டு தொங்கினால் பதிவு நடக்கிறது, யாரும் தட்டக் கூடாது என்று எதிர்வீடு உட்பட எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம், செரிமான மண்டலம். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. மாலை ஆறு மணிக்குள் வந்து சேராவிட்டால் இந்தப் புத்தகம் மட்டுமல்ல, இனி வரும் புத்தகங்களும் வேறு ஆளுக்குத்தான் என்று நூலகத்து அம்மாள் சொல்லிவிட்டார்.

துண்டைத் தொங்கவிட்டு அலமாரிக்குள் நுழைந்தாள். "சிறுகுடலின் உட்சுவரில்" என்று தொடங்கியதுதான் தாமதம், கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுக்காரி, இடுப்பில் குழந்தையோடு.

"அக்கா, ஃப்ரீயாத்தானே இருக்கீங்க? இவனைக் கொஞ்சம் வச்சுக்கோங்க. பார்லர் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"துண்டு தொங்குதே, பார்க்கலையா?"

"எந்தத் துண்டு?"

பிடி மொட்டையாக இருந்தது. குழந்தையைக் கையில் திணித்துவிட்டு எதிர்வீட்டுக்காரி படியிறங்கிவிட்டாள்.

"கதவுல அழுக்குத் துண்டு தொங்கிச்சு. மிஷின்ல போட்டுட்டேன்" என்றார் கூடத்திலிருந்து மாமியார்.

"அது அழுக்கில்ல அத்தை, அடையாளம்."

"இருக்கட்டுமே. அடையாளத்தைத் துவைச்சா கரைஞ்சா போயிடும்?"

பக்கத்து அறையில் சலவை இயந்திரம் தடதடவென்று சுற்றத் தொடங்கியது. குழந்தையை மாமனார் மடியில் இறக்கிவிட்டுத் திரும்பினால் நாத்தனாரின் போன். அவள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வருகிறானாம். "நீ ஃப்ரீதானே, அடுத்த தெருதானே, போய் உக்காந்துக்கோயேன்." பார்க்கிறேன் என்று சொல்லிவைத்துக் கணவனைக் கூப்பிட்டாள். முழுவதும் கேட்கக்கூட இல்லை. "எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்கதானே. ஃப்ரீயா..."

மீதியைக் கேட்காமல் இணைப்பைத் துண்டித்தாள். அலமாரியிலிருந்த கோட்டுகளையும் புடவைகளையும் ஒரே அணைப்பில் வாரி எடுத்தாள். மைக்கையும் போனையும் புத்தகத்தையும் பையில் போட்டாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கினாள்.

கார் கண்ணாடிகளை ஏற்றி, ஜன்னல்களைக் கோட்டுகளால் மறைத்து, புடவைகளை மேலே போர்த்திக்கொண்டு வாசித்தாள். உள்ளே அடுப்பாய்க் கொதித்தது. ஏசி போட்டால் இரைச்சல் பதிவாகும். வியர்வை புத்தகத்தில் சொட்டியது. ஆனால் கல்லீரல் ஒரே மூச்சில் முடிந்தது.

கணையத்துக்கு வந்தபோது கண்ணாடியில் டொக்டொக். மாமியார் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தாள்.

"துணிமணியெல்லாம் வாரிக்கிட்டுப் போறாளே, என்னன்னு கேளுன்னு உங்க மாமா பதறிட்டாரு. ஒரு துண்டுக்காகவா வீட்டை விட்டுப் போவாங்க?"

"எங்கயும் போகல அத்தை. கணையம். இன்னும் ரெண்டு பக்கம். ஆறு மணிக்குள்ள அனுப்பலைன்னா வேலை போயிடும்."

மாமியார் அவளையும், போர்த்தியிருந்த புடவைகளையும், வியர்வை வழியும் முகத்தையும் பார்த்தார். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். "படி" என்றார்.

படித்தாள். கடைசிப் பத்தியின் கடைசி வரி. மறுபடி டொக்டொக். மாமனார், கையில் குழந்தையோடு.

"ஏம்மா, ஃப்ரீயா இருந்தா இவனைக் கொஞ்சம் பாரேன், நனைச்சுட்டான்."

"அவ ஃப்ரீ இல்ல! வேலையா இருக்கா!" பின்சீட்டிலிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் கார் அதிர்ந்தது.

அந்த வாக்கியம் கணீரென்று, கணைய நீருக்கு நடுவில், பழுதில்லாமல் பதிவாகியிருந்தது. அவள் நெற்றியைப் புத்தகத்தில் முட்டிக்கொண்டாள். பிறகு அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசித்தாள். பின்சீட்டில் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

ஆறடிக்கச் சற்று முன் போனிலிருந்தே அனுப்பினாள். வந்துவிட்டது, அடுத்த புத்தகம் திங்கட்கிழமை என்று நூலகத்து அம்மாளின் பதில் வந்தது. சாய்ந்து கண்ணை மூடினாள்.

மாமியார் முந்தானையை எடுத்தார். "முடிஞ்சுதா? அப்ப இப்ப ஃப்ரீதானே. அந்த ஃப்ரிட்ஜுக்காரன்..."

"இல்ல அத்தை."

கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"சரி" என்றார் மாமியார். "அந்த ஏசியையாவது போடு."