எரிந்த தறியும் காணிக்கைப் பழமும்

எங்கள் அத்தை இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னை வைத்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பாவத்தை அறிக்கையிட்டாளாம், அதனால்தான் அவள் அப்பாவுக்குத் எரிந்த தறிக்குப் பதிலாகப் பின்னால் புதுத் தறி கிடைத்ததாம். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சங்கரன்கோவிலில் அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நாலாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் வயரில் பொறி தட்டி, கொட்டகையோடு தறியெல்லாம் எரிந்துபோனது. இனி அடுப்பு எப்படி எரியும் என்று அம்மா திகைத்து நின்ற வேளையில், ஜெபம் பண்ண வந்திருக்கிறோம் என்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவரைத் தேற்ற மூன்று சிநேகிதர்கள் வருவார்களே, அவர்களாவது ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். இவர்கள் காப்பி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏலே, நீ எதையோ மறைக்கே. நீதிமான் வீட்டுல கர்த்தர் தீயப் போடுவாரா?" என்றாள் அத்தை.

"வயரு பழசு, அக்கா. அம்புட்டுதான்," என்றார் அப்பா.

விட்டார்களா? ஓய்வுநாளில் தறி ஓட்டினாயா, யார் வயிற்றெரிச்சலையாவது கொட்டிக்கொண்டாயா என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடைந்தார்கள். சாப்பாடும் எங்கள் வீட்டில்தான், அது வேறு கொடுமை. கடைசியில் அப்பாவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒருவேளை நான்தான் ஏதாவது..." என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் அத்தை! அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல காணிக்கை வச்ச தாருல ஒரு வாழப்பழத்தப் பிச்சுத் தின்னுட்டேன்."

அத்தையின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "பாத்தியாலே! நான் சொல்லல?" என் தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்துவிட்டு, மூவரும் நிம்மதியாகக் கிளம்பினார்கள். வாழைப்பழ வாசனையே எனக்குக் குமட்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தால், பெரியப்பாவின் தறிக் கொட்டகையில் எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு எல்லா வயரையும் மாற்றிக்கொண்டிருந்தார். கீழே பெரியப்பா தூங்காத கண்ணோடு நின்றார். பழம் தின்றது நானென்றால் இவர் எதற்கு வயரை மாற்றுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பாவமும் செய்யாதவன் கொட்டகையும் எரியும் என்றால் அடுத்து எரிவது தன்னுடையதாக இருக்கலாம் என்று அவர் பயந்துபோயிருந்தது, அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.